முதலில் கிடைப்பது ராணியின் கல்

பூங்காவூர் ராஜாவுக்குச் சிரிப்பென்றால் உயிர். ஆனால் ராணியின் நகையில் ஒரு குறை வந்துவிட்டால் போதும், அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது. அன்றைக்கு அரண்மனை நகைப் பட்டறையில் வந்து நின்றபோது அவர் முகம் அப்படித்தான் இருந்தது.

இருளப்ப ஆசாரி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தார். ராணியின் நெற்றிச்சுட்டியில் பதிக்க வேண்டிய சிவப்புக் கல்லைக் காணோம். மிளகில் பாதிகூட இருக்காது. தரையைக் கூட்டியாயிற்று. கூட்டிய தூசியைச் சலித்தாயிற்று. விளக்கைத் தரையில் வைத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, எங்காவது மினுக்குகிறதா என்றும் பார்த்தாயிற்று.

"கல்லைப் பார்க்கக் கேட்டேன், ஆசாரி கொடுத்தார். பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கை நடுங்கித் தவற விட்டுட்டார்" என்றார் பொக்கிஷதார் அனந்தப்பர். அரண்மனை நகைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. "கல் விழுந்து ஓடினதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன் மகாராஜா. பாவம், வயசாயிடுச்சு. என் மச்சினன்கூட நல்ல நகை வேலைக்காரன்தான். கை நடுங்காது."

"விளக்கு வைக்கறதுக்குள்ள கல் வரணும். வரலைன்னா ஆசாரி பட்டறையைக் காலி பண்ணட்டும். கோட்டைக்குள்ள கொடுத்த வீட்டையும்தான்" என்றார் ராஜா.

ஆசாரிக்கு வீட்டு நினைப்பு வந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு, சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒருவேளை கை நிஜமாகவே நடுங்கியதோ? கையை நீட்டிப் பார்த்தார். இப்போது நன்றாகவே நடுங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தில்லைவடிவு உள்ளே வந்தாள். ராணிக்குத் தலைவாரி நகை பூட்டுகிறவள். அவள் வாய்க்குப் பயந்து அமைச்சர்களே ஒதுங்கிப் போவார்கள். வந்தவள் நடந்ததையெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டே, பொடிக் கல்லை ஒற்றி எடுக்க ஆசாரி வைத்திருந்த தேன்மெழுகில் ஒரு துண்டைக் கிள்ளி விரலில் உருட்டினாள். ஆசாரிக்கு எரிச்சலாக வந்தது. குடி முழுகிப்போகிற நேரத்தில் இவளுக்கு விளையாட்டு! நல்ல மெழுகு வேறு.

"ஆசாரியாரே, கல் விழுந்தப்ப சத்தம் கேட்டுச்சா?"

ஆசாரி யோசித்தார். கருங்கல் தரை. கடுகளவு மணி விழுந்தாலும் 'டிக்' என்று கேட்கும். தூக்கத்தில்கூட அவர் காது அந்தச் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும்.

"இல்லையே தாயி. சத்தமே கேக்கலையே!"

வடிவு பொக்கிஷதாரைப் பார்த்தாள். பொக்கிஷதார் உத்தரத்தைப் பார்த்தார்.

"மகாராஜா, பட்டறையில ஒரு வழக்கம் உண்டு" என்றாள் வடிவு. "மணி தொலைஞ்சா, அதே மாதிரி இன்னொண்ணை அதே இடத்துலேருந்து போட்டுப் பார்ப்பாங்க. அது ஓடற வழியிலதான் முதல் மணியும் ஓடியிருக்கும்."

"இன்னொண்ணையும் தொலைக்கவா?"

"உங்களுது எதுக்கு? பொக்கிஷதார் மோதிரத்துல இருக்கே, அதே நிறம், அதே அளவு!"

அனந்தப்பர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "ஐயையோ! இது மாமனார் வீட்டுச் சீர். தொலைஞ்சா வீட்டுல என்னை உயிரோட விடமாட்டா!"

"எங்கே ஓடுதுன்னுதான் நாம எல்லாரும் பார்க்கப்போறோமே" என்றார் ராஜா. "கழட்டும்."

ஆசாரி கல்லைப் பெயர்த்து எடுத்தார். தன் வேலைப் பலகை மேலிருந்து விட்டார். டிக்! டிக், டிக் என்று துள்ளிக்கொண்டு ஓடியது.

"ஓடுது! ஓடுது! பிடிங்க!" என்று கத்திக்கொண்டே வடிவு இரண்டு எட்டு முன்னால் ஓடி நின்றாள். எல்லோரும் விழுந்தடித்துக் குனிந்தார்கள். கல்லைக் காணோம்.

அனந்தப்பர் தலைப்பாகை சரிய நாலு காலில் தவழ்ந்தார். "என் கல்லு! என் கல்லு!"

"ஒரு விஷயம் மகாராஜா" என்றாள் வடிவு, நின்ற இடத்திலிருந்து அசையாமல். "ரெண்டும் ஒரே மாதிரி கல்லு. பின்னால வழக்கு வரக்கூடாது பாருங்க. முதல்ல எது கிடைச்சாலும் அது ராணியம்மாவோடது. ரெண்டாவதா கிடைக்கறதுதான் பொக்கிஷதாரோடது. ராணியம்மாவுக்கு முன்னால இன்னொருத்தருக்கா கொடுக்கறது?"

"அதானே!" என்றார் ராஜா.

அனந்தப்பர் தவழ்வதை நிறுத்தினார். முகம் வெளுத்தது. தன் கல்லைத் தானே கண்டுபிடித்தாலும் அது ராணியின் நெற்றிக்குப் போய்விடும்! வெறும் மோதிரத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும்! பிறகு மெல்ல மெல்லத் துருத்திக்குப் பின்னால் இருந்த கரிக்குவியல் பக்கம் தவழ்ந்து போனார்.

"கிடைச்சிடுச்சு! கரிக்குள்ள கிடந்துச்சு! ராணியம்மா கல்லு கிடைச்சிடுச்சு! இனி என்னோடதைத் தேடுங்க!"

ஆசாரி பாய்ந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதே கல்தான். கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர் நின்றுவிட்டார்.

"இதென்ன, வெள்ளையா ஏதோ ஒட்டியிருக்கு?" விரலால் தேய்த்து முகர்ந்தார். "சுண்ணாம்பு!"

"கரிக்குள்ள கிடந்த கல்லு கருப்பால்ல இருக்கணும்?" என்றாள் வடிவு.

ராஜாவின் பார்வை பொக்கிஷதாரின் இடுப்பில் தொங்கிய வெற்றிலைப் பைக்குப் போனது. பையின் வாய் திறந்தே கிடந்தது. அனந்தப்பர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ராணி நகை முடியறவரைக்கும் தினமும் நீர்தான் இந்தப் பட்டறையைக் கூட்டிச் சலிக்கணும்" என்றார் ராஜா. "கை நடுங்காத உம்ம மச்சினன் முறம் பிடிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும் மகாராஜா. என் கல்லு?"

வடிவு வலது காலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்காலில் அப்பிய தேன்மெழுகில் சிவப்பாக மினுக்கியது கல்.

"அடி கள்ளி!" என்றார் ராஜா. "அவரும் ஒளிச்சு வச்சார், நீயும் ஒளிச்சு வச்சே. உனக்கு மட்டும் தண்டனை வேண்டாமா?"

"ஒளிச்சேன், ஒத்துக்கறேன். ஆனா அவரை மாதிரி நான் குனிஞ்சு தேடற மாதிரி நடிச்சேனா மகாராஜா?"

ராஜாவுக்குத் தொலைந்துபோயிருந்த சிரிப்பு திரும்பி வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். கல்லைப் பிடித்த காலுக்கு ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு செய்துகொடுக்கும்படி அங்கேயே உத்தரவு போட்டார்.

அளவெடுக்கக் குனிந்தார் இருளப்ப ஆசாரி. இப்போது அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. முதல் வேலையாக, அவள் உள்ளங்காலிலிருந்து தன் மெழுகைச் சுரண்டி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டார்.