மலையைப் பார்க்காத டிரைவர்

ஜெசிந்தா டீச்சரிடம் ஓவியம் படிக்க வந்தபோது தாணுமாலயனுக்கு வயது அறுபத்தாறு. டீச்சருக்கு நாற்பத்து நான்கு.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் டீச்சர் வகுப்பு நடத்தினார். தாணுமாலயன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். கூட வந்த மனைவி பகவதிதான் முதலில் உள்ளே நுழைந்தார்.

"இவரைக் கொஞ்சம் சேத்துக்கிடுங்க டீச்சர். பஸ் டிரைவரா இருந்தவரு. ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சு. நாற்காலியில இருந்துக்கிட்டு இன்னும் தரையில பிரேக் போடுகாரு."

டீச்சர் சிரித்தார். "உள்ள வாங்க அண்ணாச்சி. என்ன வரையணும்?"

"மருத்துவாமலை."

"அது மட்டுமா?"

"அது மட்டும் போதும்."

ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"போன ஆவணியில கொட்டாரத்துல ஒரு கல்யாணம். ரெண்டு பேரும் பஸ்ஸுல போனோம். இவ சன்னல் வழியா கையைக் காட்டி, 'மலையைப் பாருங்க, மேகத்தைத் தலையில துண்டு மாதிரி கட்டியிருக்கு'ன்னா. பாத்தேன். அதுதான் முதல் தடவை. நாகர்கோவில், கன்னியாகுமரி ரூட்டு. ஒரு நாளைக்கு ஆறு நடை. முப்பத்தொரு வருஷம் ஓட்டியிருக்கேன் டீச்சர். மருத்துவாமலைன்னா எனக்கு ஒரு ஸ்டாப்பு. அவ்வளவுதான்."

விரலால் ஒரு கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"இப்பம் கண்ணுல அழுத்தம் கூடியிருக்குங்காரு டாக்டரு. நேரா உள்ளது தெரியும். ஓரத்துல உள்ளது கொஞ்சம் கொஞ்சமா மறையுமாம். மருந்து விட்டா இனி போகாம நிறுத்தலாம், போனது வராதுன்னுட்டாரு. உள்ள பார்வை இருக்கும்போதே வரையணும்."

டீச்சர் ஒரு தாளை எடுத்துப் பலகையில் பொருத்திக் கொடுத்தார்.

*

முதல் மாதம் பென்சில். இரண்டாம் மாதம் வண்ணம். தாணுமாலயன் நேரம் தவறியதே இல்லை. காலை பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் படியேறுவார். தூரிகையை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிப்பார். வரைந்து முடிக்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்.

ஆனால் மலை வரவில்லை. ரோடு வந்தது.

எப்படித் தொடங்கினாலும் தாளின் கீழ்ப்பாதி முழுக்க ரோடு. தார் உருகி மினுங்கும் இடம், பள்ளத்தில் கொட்டிய ஜல்லி, ஓரத்தில் மேயும் ஆட்டின் பின்கால். மலை எங்கோ மூலையில், கட்டை விரல் அளவுக்கு.

"ரோடு நல்லா இருக்கு அண்ணாச்சி" என்பார் டீச்சர்.

"ரோட்டை யாரு கேட்டா?" என்று தாளை உருவிவிடுவார்.

ஒருநாள் ரோடே இல்லாமல் வரைந்தார். மலை நடுவில் பெரிதாக உட்கார்ந்தது. மேலே ஒரு சூரியன், இரண்டு பறவை. வரைந்ததை அவரே வெகுநேரம் பார்த்தார்.

"இது தீப்பெட்டிப் படம் மாதிரில்லா இருக்கு."

"ஆமா" என்றார் டீச்சர்.

தாணுமாலயன் தூரிகையைக் கழுவினார். துடைத்தார். பெட்டியில் வைத்து மூடினார். அவர் மூடிய விதத்திலேயே, நாளை வரமாட்டார் என்பது டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கட்டா டீச்சர்?"

"கேளுங்க."

"கை வரல்லன்னா பழகலாம். எனக்குக் கண்ணுலயே ஒண்ணும் இல்ல. சேத்து வைக்க வேண்டிய வயசுல பாக்காம விட்டுட்டேன். இப்பம் எங்கேருந்து எடுத்து வரைய? அந்த முப்பத்தொரு வருஷம் வீணாப் போச்சு, இல்லியா?"

டீச்சர் பெட்டியை மறுபடி திறந்து வைத்தார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துருங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார்.

*

கன்னியாகுமரி பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. தாணுமாலயனைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து, பக்கத்தில் பகவதி உட்கார்ந்தார். டீச்சர் பின் இருக்கையில்.

வண்டி நகர்ந்ததும் தாணுமாலயன் கழுத்தை நீட்டி முன் கண்ணாடியைப் பார்த்தார். சிக்னலில் அவர் வலது கால் தரையை மிதித்தது.

பகவதி அவர் தாடையைப் பிடித்துச் சன்னல் பக்கம் திருப்பினார்.

"அங்க பாருங்க."

"பாக்கேன், பாக்கேன்."

சுசீந்திரம் குளத்தில் வெள்ளைப் பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அரை நிமிடம் பார்த்தார். கழுத்து தானாக முன்னே திரும்பியது. பகவதி மறுபடி தாடையைத் தொட்டார். எதிர் இருக்கையில் இருந்த பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

குளம் தாண்டிச் சிறிது தூரத்தில், சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. தாணுமாலயன் இரண்டு கையாலும் முன் கம்பியைப் பற்றினார். கால் தரையை அழுத்தியது. பஸ் மெல்ல வேகம் தணிந்து, ஒரு பக்கம் ஒதுங்கி, சைக்கிளுக்கு வழிவிட்டு, மறுபடி வேகம் எடுத்தது.

"பிரேக்கை நல்லாப் பிடிச்சான்" என்று முணுமுணுத்தார். "பெடலைக் குத்தாம, பதமா பிடிச்சான்."

"என்னது?" என்றார் பகவதி. அவர் பின்னால் போய்விட்ட பறவைகளைச் சன்னல் வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சைக்கிள்காரன் குறுக்க வந்தாம்லா?"

"எப்பம்?"

பின்னாலிருந்து டீச்சர் குனிந்தார். "என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணும் ஆகல்ல."

குழந்தை அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது.

*

மருத்துவாமலை ஸ்டாப்பில் மூவரும் இறங்கினார்கள். ஒரு வேப்பமரத்தடியில் பகவதி துண்டை விரித்தார். ஃப்ளாஸ்க்கில் இருந்த காப்பியை மூன்றாக ஊற்றினார்.

மலை எதிரே நின்றது. மேகம் இல்லை. பாறையில் வெயில் விழுந்து, மடிப்புகளில் நீலமாக நிழல் தங்கியிருந்தது. தாணுமாலயன் நேராகப் பார்த்தார். பிறகு, ஓரம் மறையும் இடங்களையும் விட்டுவிடாமல், தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். காப்பி ஆறிப்போனது.

"எப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

"நல்லா இருக்கு. இன்னைக்கு உள்ளதைப் பாத்தாச்சு." தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தார். "மழையில இது எப்படி இருந்திருக்கும்? பங்குனி வெயில்ல? நான் ஓட்டுன அத்தனை நாளும் இது இங்கதானே நின்னுருக்கு."

டீச்சர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அவரிடம் நீட்டினார். பழைய கணக்கு நோட்டு. அட்டை பிய்ந்து, துணிநாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

தாணுமாலயன் திறந்தார். பென்சிலில் மருத்துவாமலை. அடுத்த பக்கத்திலும் அதேதான். மழையில் பாதி கரைந்த மலை. உச்சியில் மேகம் துண்டு கட்டிய மலை. சாயங்காலத்தில் கறுத்துக் கிடக்கும் மலை. பக்கத்துக்குப் பக்கம் தேதி. இடையிடையே குளம், பறவைகள், பனைகள்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான். கன்னியாகுமரியிலேருந்து நாகர்கோவிலுக்குக் காலேஜ் வந்தேன். நாலு வருஷம், தினமும் சன்னல் சீட்டு. அதுலதான் வரையப் படிச்சேன்."

அவர் ஒரு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "கோடு நடுங்குதே."

"வண்டி ஓடும்போது வரைஞ்சது."

இன்னொரு பக்கத்தில் கோடு சட்டென்று ஒரு அங்குலம் முன்னே பாய்ந்திருந்தது. தாணுமாலயன் அதைக் கூர்ந்து பார்த்தார். முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"இங்கன பிரேக் போட்டிருக்கான்."

"போட்டிருப்பாரு. எனக்குத் தெரியல்ல."

"எந்த வண்டி டீச்சர் இது? எந்த வருஷம்?" தேதியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "அப்பம் நான் இந்த ரூட்டுல இருந்தேனே. நான் ஓட்டுனதா?"

"இருக்கலாம். டிரைவர் முகத்தை யாரு பாத்தா? எங்களுக்குப் பின்னந்தலை மட்டும்தானே தெரியும்."

பகவதி கணவரின் பின்னந்தலையைப் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த வேப்பம்பூவை எடுத்துவிட்டார்.

தாணுமாலயன் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது.

"எல்லாரும் பாத்திருக்கீங்க" என்றார். "நான் ஒருத்தன்தான் பாக்கல்ல."

"ஆமா அண்ணாச்சி" என்றார் டீச்சர். "நீங்க ரோட்டைப் பாத்தீங்க. அதனாலதான் நான் மலையைப் பாத்தேன்."

தாணுமாலயன் மலையை நிமிர்ந்து பார்த்தார். நோட்டை மூடவில்லை.