நாற்பது குழிகள்

“ஒண்ணும் உடையாத பெட்டி எப்படிச் செய்யறது, ஆசானே?” என்று கோதண்டம் கேட்டார்.

ஆசான் என்றதும் தாடியும் தண்டமும் நினைவுக்கு வர வேண்டாம். அவள் பெயர் மெஹர். வயது கோதண்டத்தின் வயதில் பாதிக்குச் சற்று மேல். திருச்சி தில்லைநகரில் ஒரு மாடியறையில் பல் செட் செய்து கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பல் வேலை கிடையாது. மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, தெர்மாகோலில் வெட்டிய குன்றுகளை வைத்து, நாலைந்து பேர் போர் விளையாடுவார்கள். கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்கள். டேப்பால் அளந்து நகர்த்துவார்கள், பகடை உருட்டிக் கொல்வார்கள். வீரர்களுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொடுத்தது மெஹர். யாரோ கிண்டலாக ஆசான் என்று கூப்பிட, கிண்டல் போய்ப் பெயர் தங்கிவிட்டது.

கோதண்டம் வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். இந்த வயதில் எதற்குப் பொம்மை என்று மனைவி கேட்டாள். அவருக்கே அது தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். நாற்பது பேர் கொண்ட படையைத் தீட்டிக்கொண்டிருந்தபோதே வலது கை நடுங்கத் தொடங்கியது.

“நிக்காது சார். மாத்திரை போட்டா மெதுவா கூடும், அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

கடைசிச் சிலரை, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தீட்டினார். இனி இன்னொருவனைத் தீட்டுவது நடக்காது. இருக்கிறவர்களில் ஒருவனுக்கு ஈட்டி ஒடிந்தால் ஒட்டவும் அவரால் ஆகாது.

அந்தப் படை கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கியதே இல்லை. இப்போது மதுரையில் ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். மெஹர் அவரைக் கேட்காமலே அவர் பெயரையும் சேர்த்துவிட்டாள். பஸ்ஸில் போக வேண்டும். வீரர்களை உடையாமல் கொண்டுபோகவென்றே கடையில் விற்கிற பெட்டி, படையைவிட விலை கூடுதல்.

மெஹர் மேசைக்கடியிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தாள். கையில் வைத்துக் குலுக்கினாள். உள்ளே டொக்கென்று கேட்டது. திறந்தாள். வீரர்கள் தகரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவன் காலடியிலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காந்தம் ஒட்டியிருந்தது. ஒரு வில்லாளி மட்டும் சாய்ந்து கிடந்தான். நிமிர்த்தினாள். டிக்கென்று நின்றான்.

“இவ்வளவுதான் சார்.”

“ஒருத்தன் விழுந்துட்டானே.”

“ஆமா.”

டின்னில் ஒருவனைப் போல் இன்னொருவன் இல்லை. ஒருவன் பச்சை, ஒருவன் காவி. ஒரு குதிரைக்காரனுக்குக் கண் மூக்கில் இருந்தது. இது ஆசானின் கை இல்லை. எதற்கு இந்தக் குப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று கோதண்டம் நினைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வில்லாளியே மனதில் இருந்தான். அவளுக்கென்ன, விழுந்தால் நிமிர்த்துவாள். அவளுக்குக் கை இருக்கிறது.

பரணில் வங்கிக்காலத்துப் பிரீஃப்கேஸ் கிடந்தது. மெத்தைக் கடையில் கழித்துப் போட்ட ஸ்பாஞ்ச் துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். ஒவ்வொரு வீரனையும் தாளில் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, தாளை ஸ்பாஞ்சின்மேல் குத்தி, கோட்டோடு வெட்டினார். கேடயத்துக்குக் கேடயத்தின் வளைவு. ஈட்டிக்கு ஒரு கீறல். கத்தி வழுக்கிக் கோடு தாண்டினால் அந்தத் துண்டையே எறிந்துவிட்டு வேறு துண்டில் தொடங்கினார். இந்த நடுக்கத்தோடு இவ்வளவு நேர்த்தி எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே புரியவில்லை. பயத்திலிருந்து வருகிறதோ என்றும் தோன்றியது.

முடித்ததும் மெஹரிடம் கொண்டுபோனார்.

அவள் வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள். குலுக்கினாள். மேசையில் இரண்டு முறை தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. திறந்தால் நாற்பது பேரும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார்கள்.

“நல்லா வெட்டியிருக்கீங்க. உள்ள இடம் இருக்கா?”

“இடமா? ஒரு நூல் நுழையாது” என்றார் கோதண்டம். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மெஹர் மூடியை மெல்லச் சாத்தினாள்.

“சரி, போயிட்டு வாங்க.”

மதுரையில் அவரோடு மோதியவர் அழகுமலை. மாட்டுத்தாவணிப் பக்கம் பெயின்ட் கடை வைத்திருப்பவர். படையை டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தார். அடுக்குக்கு ஒரு பிரிவு. நடுவில் கிழிந்த துண்டுத் துணி.

கோதண்டம் தன் வீரர்களை இடுக்கியால் எடுத்து வைத்தார். வைத்து முடிப்பதற்குள் அழகுமலை டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

“அண்ணே, கையாலயே தொடுங்க. கடிக்க மாட்டாய்ங்க.”

“இருக்கட்டும்.”

“ஆபரேசன் பண்ற மாதிரில்ல இருக்கு.”

பகடை கோதண்டத்துக்கு விழவில்லை. வலப்பக்கத்து ஈட்டிக்காரர்களை அவர் குன்றுக்குப் பின்னாலேயே வைத்திருந்தார். முன்னால் விட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தோற்றார். வருத்தம் ஒன்றும் இல்லை. ஒருவனும் உடையவில்லை. ஒவ்வொருவனாக எடுத்து அவனவன் குழியில் படுக்கவைக்கத் தொடங்கினார்.

“சரி, குடுங்கண்ணே” என்றார் அழகுமலை.

“என்ன?”

“ஆளைத்தான். நீங்க ஒரு ஆளு குடுக்கணும், நான் ஒரு ஆளு குடுக்கணும். ஆசான் சொல்லலையா?”

“ஜெயிச்சவருக்கா?”

“ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன? விளாண்டோம்ல.”

எல்லா மேசைகளிலும் அது நடந்துகொண்டிருந்தது. யானையைக் கொடுத்து முரசுக்காரனை வாங்கினார்கள், நொண்டிக் குதிரையைக் கொடுத்து வில்லாளியை வாங்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கோதண்டம் பெட்டியைப் பார்த்தார். மூடிக்கொண்டு கிளம்பிவிடலாம். யாரும் கையைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. ஒரு மாதிரி நினைப்பார்கள், அவ்வளவுதான். கொடுத்தால் முப்பத்தொன்பது. அந்த ஒரு குழியை நிரப்ப இனி அவர் கையால் ஆகாது. இதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் வேண்டாம் அண்ணே என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்வார்கள் என்பதாலேயே சொல்லப் பிடிக்கவில்லை.

கடைசியாகத் தீட்டிய ஈட்டிக்காரனை எடுத்தார். படையிலேயே மோசமானவன், முகத்தில் கோடுகள் கலைந்திருந்தன. கொடுப்பதிலும் கழித்துக்கட்டப் பார்க்கிறோமே என்று ஒரு குறுகுறுப்பு இருந்தது. அதோடுதான் நீட்டினார்.

அழகுமலை அவனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“யாத்தே. பயந்துபோய் நிக்கிறான் பாருங்க. மூஞ்சி அப்படியே வந்திருக்கு. எப்படிண்ணே தீட்டுனீங்க?”

“கை நடுங்கிருச்சு.”

“நல்லாத்தான் நடுங்கியிருக்கு” என்றபடி அவனைத் துணியில் சுற்றிக் கேரியரின் மேலடுக்கில் வைத்தார்.

பதிலுக்குக் கொடுத்தது ஒரு சங்கூதி. முழங்கை இரண்டும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. ஆளைவிடத் தலைப்பாகை பெரிது. உடம்பெல்லாம் சுவருக்கு அடிக்கிற மஞ்சள்.

கோதண்டம் அவனை ஈட்டிக்காரன் கிடந்த குழியில் வைத்துப் பார்த்தார். தலைப்பாகை இடித்தது. திருப்பி வைத்தார். முழங்கை வளைந்தது. இன்னும் அழுத்தினால் ஒடியும். குழியைப் பெரிதாக்கலாம் என்று அழகுமலை கத்தியை நீட்டினார். பெரிதாக்கினால் பக்கத்துக் குழியின் சுவர் போய்விடும். அந்தக் குழிக்காரனின் ஈட்டி வெளியே நிற்கும். இடைவெளியே இல்லாமல் வெட்டியிருந்தார்.

சட்டைப் பையில் போட்டால் பஸ் நெரிசலில் நசுங்கும். கைக்குட்டையில் சுற்றினால் முழங்கை போகும்.

பெட்டியைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, சங்கூதியை உள்ளங்கையில் வைத்து, விரல்களைக் கூடு போலக் குவித்துக்கொண்டார். துவரங்குறிச்சி வரை உட்கார இடம் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்மணி, “என்ன சார், கோழிக்குஞ்சா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினார். பஸ் குலுங்கியது. எல்லோரும் குலுங்கினார்கள். அதில் எந்த ஆட்டம் பஸ்ஸுடையது, எந்த ஆட்டம் தன் கையுடையது என்று கொஞ்ச நேரத்தில் அவருக்கே பிரித்துத் தெரியவில்லை.

இறங்கி நேராக மெஹரிடம் போனார். அவள் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உடைஞ்சுதா சார்?”

“பெட்டியில ஒண்ணும் உடையல.”

“கையில?”

கோதண்டம் விரல்களைத் திறந்தார். வியர்வையில் நனைந்து மஞ்சள் சங்கூதி முழுசாக இருந்தான். மெஹர் அவனை எடுத்துத் தன் பிஸ்கட் டின்னின் மூடிமேல் வைத்தாள். அவன் காலடியிலும் காந்தம் இருந்திருக்கிறது. டிக்கென்று நின்றான். கண் மூக்கில் இருக்கும் குதிரைக்காரன் எங்கிருந்து வந்தான் என்பது கோதண்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் மனதில் ஒரு குறை நெருடியது. கேட்டுவிட்டார்.

“ஆளை மாத்திக்குவாங்கன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆசானே.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“வர்றவனுக்கும் சேர்த்து ஒரு குழி வெட்டியிருப்பேன்.”

மெஹர் பல்லை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

“யாரோட அளவுக்கு, சார்?”