கணுக்காலுக்கு மேலே பார்க்காத ஊர்

முன்னொரு காலத்தில் மருதங்குடி என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டார். அவர் கறுப்பா சிவப்பா, மீசை வைத்தவரா வைக்காதவரா என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. அவர் வீதியில் வந்தால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், அவருடைய கணுக்காலுக்கு மேலே பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. பார்த்தால் பத்துக் கசையடி.

இருபத்திரண்டு வருஷம் இப்படியே போயிற்று. கடைத்தெருவில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு விற்கும் ஒச்சாயிக்கு ராஜா என்றால் இரண்டு பாதக்குறடுகள்தான். சந்தனக் கட்டையில் செய்து, விரல் பிடிக்கும் குமிழில் பவளம் பதித்தவை. அவை டக் டக்கென்று வந்தால் கும்பிடுவாள். போன பிறகு நிமிர்ந்து கழுத்தைத் தேய்த்துக்கொள்வாள்.

கடைசியில் படைவீரர்களுக்கே பொறுமை போய்விட்டது. ராஜாவைக் காசி யாத்திரைக்கு அனுப்பி வைத்தார்கள். திரும்பி வர அவசரமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள். மலைக்கோட்டையிலிருந்த அவருடைய தங்கை மகன் சேந்தன் பட்டத்துக்கு வந்தார்.

"புது ராஜா நல்லவராம், அக்கா" என்றார் பக்கத்துக் கடை வளையல்காரர்.

"கால் எப்படியாம்?" என்று கேட்டாள் ஒச்சாயி. வேறென்ன கேட்க அவளுக்குத் தெரியும்?

மறுநாள் புது ராஜா, மலைநாட்டு வழக்கப்படி, வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்து வந்தார். குனிந்து நின்ற ஒச்சாயி அந்தக் கால்களைப் பார்த்து, யாரோ வேண்டுதல்காரர் என்று விட்டுவிட்டாள். பின்னாலேயே பவளக்குறடு டக் டக்கென்று வந்தது. சட்டென்று விழுந்து கும்பிட்டாள்.

ராஜா திரும்பிப் பார்த்துவிட்டார். உடனே குறட்டுக்கு மேலிருந்து ஒரு குரல் முந்திக்கொண்டது: "என்ன திமிர் உனக்கு? மகாராஜாவை விட்டுவிட்டு யாரைக் கும்பிடுகிறாய்?"

அது அரண்மனை அதிகாரி தாண்டவராயரின் குரல்.

அடுத்த நாள் ஒச்சாயியைச் சபையில் நிறுத்தினார்கள். "இவள் பழைய ராஜாவின் ஆள். பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டே விரட்ட வேண்டும்" என்றார் தாண்டவராயர்.

சேந்தனுக்குக் கோபமும் சீக்கிரம் வரும், சிரிப்பும் சீக்கிரம் வரும். அப்போது வந்தது கோபம். "ஏன் என்னைக் கும்பிடவில்லை?"

"ராஜாவைத்தான் கும்பிட்டேன், சாமி" என்றாள் ஒச்சாயி தரையைப் பார்த்தபடி.

"என்னிடமே பொய்யா?"

ஒச்சாயி யோசித்தாள். ராஜாவின் குறடு, அதிகாரியின் குரல். விஷயம் இப்போது விளங்கியது. ஆனால் சுண்ணாம்புக்காரி சொன்னால் சபை நம்புமா? வீடும் கடையும் போய்விடும்.

"சாமி, நேற்று வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு திரைக்குப் பின்னால் நிற்கட்டும். கால் மட்டும் தெரிந்தால் போதும். நான் கும்பிட்டது யாரை என்று காட்டுகிறேன். தவறினால் நானே ஊரை விட்டுப் போய்விடுகிறேன்."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. திரை கட்டச் சொல்லித் தானும் போய் நின்றார். எட்டு ஜோடிக் கால்கள். சபைக்குள் காலணி கூடாது என்பதால் எல்லாம் வெறுங்கால்கள். குறடு இல்லாமல் இவள் எதைக் காட்டுவாள் என்று தாண்டவராயர் திரைக்குப் பின்னால் மீசையை நீவிக்கொண்டார்.

ஒச்சாயி குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இது மலையேறிக் குதிகால் வெடித்த கால். நேற்று நான் தெரியாமல் விட்ட புது மகாராஜா. மன்னிக்கணும்."

திரைக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது.

ஐந்தாவது ஜோடியின் எதிரே அவள் நின்றுவிட்டாள். "இந்தப் பாதங்களில் கட்டைவிரல் இடுக்கெல்லாம் புண். சின்னக் காலுக்குச் செய்த குறட்டைப் பெரிய கால் போட்டால் இப்படித்தான் கடிக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் கும்பிட்ட குறடு நேற்று இந்தக் காலில்தான் வந்தது. கால் இங்கே இருக்கிறது, சாமி. குறட்டை வாசலில் பார்க்கச் சொல்லுங்கள்."

திரை விழுந்தது. தாண்டவராயர் நின்றுகொண்டிருந்தார். காவலன் வாசலிலிருந்து பவளக்குறட்டை எடுத்து வந்தான்.

"மாமா இதைக் காசிக்குக் கொண்டுபோய்விட்டார் என்று நீர்தானே சொன்னீர்?" என்றார் ராஜா.

"பத்திரமாக இருக்கட்டும் என்றுதான், மகாராஜா..."

"காலில் போட்டா பத்திரப்படுத்தினீர்?"

சபை சிரித்தது. "இனி தலையில் வைத்துப் பத்திரப்படுத்தும். காசி வரை நடந்து போய் மாமாவிடமே கொடுத்துவிட்டு வாரும். வெறுங்காலோடு போம், புண் ஆறும்" என்ற ராஜா ஒச்சாயியிடம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"கழுத்து வலிக்கிறது, சாமி. அந்தக் கணுக்கால் உத்தரவு இன்னும் இருக்கிறதா?"

"எந்த உத்தரவு?"

மந்திரி எழுந்து மெல்ல விளக்கினார். "நிமிர்ந்து பாரம்மா" என்றார் ராஜா. அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

"எப்படி இருக்கிறேன்?"

"காது கொஞ்சம் பெரிசு, சாமி."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "சரி, ராஜா மாறியது நல்லதுதானா?"

"இரண்டு நாளில் எப்படிச் சொல்வது? ஆனால் இப்படிச் சொல்லிவிட்டும் நான் என் காலால் நடந்து வீட்டுக்குப் போகப் போகிறேன். போன மாசம் இது நடந்திருக்காது."

அன்றே உத்தரவு ரத்தானதாக முரசு அறைந்தார்கள். அரண்மனைக்கு இனி ஒச்சாயி கடைச் சுண்ணாம்புதான் என்றும் சேர்த்தே அறைந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராஜா கோயிலுக்கு வந்தார். பழக்கத்தில் பாதித் தலைகள் குனிந்தன. "அட, நிமிருங்கப்பா" என்று ஒச்சாயி அதட்டினாள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. கடைத்தெரு முழுவதும் கண்கொட்டாமல் பார்த்ததில் ராஜாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. கோயில் வாசல் வரை அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.