மின்மினிப் பண்ணைக்காரர் பேட்டி

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மதுரையில் நாச்சியார் என்றொரு பெண். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. வியாபாரம், சேமிப்பு பற்றிக் கட்டுரை எழுதி விற்பவள். கால் ஓரிடத்தில் நிற்காது. 'லாபமணி' ஆசிரியர் சிதம்பரநாதனோ, "முழு விஷயத்தையும் சொல்லு, பிடித்தால் எழுதலாம்" என்பார். கேட்டுவிட்டு, "பழைய சரக்கும்மா" என்று உதட்டைப் பிதுக்குவார். அடுத்த இதழில் அதே விஷயம் அவருடைய மாப்பிள்ளை பெயரில் வந்துவிடும். இப்படியே போனால் அவள் தொழிலை விட வேண்டியதுதான்.

ஒருநாள் பரபரவென்று வந்தாள். "சார், தேனிப் பக்கம் ஆவுடையப்பன் என்பவர் மின்மினிப் பூச்சி வளர்த்துக் கல்யாண மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். நல்ல லாபம்."

"பழைய சரக்கும்மா."

அடுத்த இதழில் ஆவுடையப்பனோடு மாப்பிள்ளை எடுத்த நீண்ட பேட்டி. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் நாச்சியார். ஆசிரியர் அறையில் பத்திரிகையின் முதலாளியம்மாவும் இருந்தார்.

"பேட்டி பிரமாதம் சார். நேரிலேயே போனாரா?"

"பின்னே? ஆவுடையப்பன் வீட்டில் விருந்தே சாப்பிட்டார் மாப்பிள்ளை."

"அப்படி ஒரு ஆளே கிடையாது சார். நான் கட்டிவிட்ட கதை அது."

ஆசிரியர் மேசையைத் தட்டினார். "அன்றைக்கு இதே இடத்தில் நின்று நீதானே சொன்னாய்?"

சொன்ன பிறகுதான் முதலாளியம்மா தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். அந்த அம்மா மெதுவாக நாச்சியார் பக்கம் திரும்பினார்.

"வேறென்ன விஷயம் வைத்திருக்கிறாய்?"

"நிறைய இருக்கும்மா. யார் பெயரில் வரும் என்று மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்."