செவந்தி பாட்டுக்கு மெத்தை கட்டிய கதை

ஓடைக்குளத்து ஆட்களுக்குப் புத்தி குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடவுள் கொடுத்தது கொடுத்தபடியே இருக்கிறது. யாரும் எடுத்துச் செலவு பண்ணவில்லை, அவ்வளவுதான்.

அதிலும் மூன்று பேர் அதைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. ஒருவர் தவமணி. அடுத்தவன் அவர் தம்பி சோணைமுத்து. மூன்றாமவர் தவமணியின் தங்கச்சி வீட்டுக்காரர் பெரியகருப்பன். இவர் எப்போதோ கொத்தனார் வேலைக்குச் சாந்து சுமந்தவர். அதனால் வீடு, சுவர், தரை என்று எந்தப் பேச்சு வந்தாலும் இவர் சொல்வதுதான் முடிவு.

தவமணியின் மனைவி செவந்தி, கைப்பிள்ளைக்காரி. நல்ல குரல் அவளுக்கு. தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவள் பாடினால் பிள்ளை தூங்குகிறதோ இல்லையோ, தவமணி தூங்கிவிடுவார்.

அவள் பிறந்த ஊர் கரட்டுப்பட்டி. அங்கே அம்மன் பொங்கலுக்குக் கரகம் இறங்குகிற காலையில், வெளியூருக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பெண்ணின் பாட்டைத்தான் முதலில் குழாய் ஸ்பீக்கரில் போடுவார்கள். பெண்கள் அவரவர் வீட்டில் பாடி போனில் அனுப்பவேண்டும். மைக்செட்காரர் ஜெபராஜ் கேட்டுப் பார்த்து ஒன்றை எடுப்பார். செவந்தியின் அம்மா இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். மகள் பாடி அவள் கேட்டு வருஷக்கணக்காகிறது. குழாயில் வந்தால் படுத்தபடியே கேட்பாள். செவந்திக்கு இந்த வருஷம் வேறு எந்த ஆசையும் இல்லை.

பாடி அனுப்பினாள். ஜெபராஜ் போனில் கூப்பிட்டார்.

"தாயி, குரல் தங்கமா இருக்கு. ஆனா கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி கேக்குது. ரூமைக் கொஞ்சம் சரி பண்ணிட்டு மறுபடி பாடி அனுப்பு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள வரணும். அப்புறம் வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

செவந்தி இதை வந்து சொன்னதும் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நம்ம வீட்டுல கெணறே இல்லையே," என்றார் தவமணி.

"நம்ம கண்ணுக்குத் தெரியல மாப்ள. அவரு காதுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் பெரியகருப்பன். "தூந்துபோன கெணத்து மேல வீட்டைக் கட்டியிருப்பாங்க. நான் வேலை பாத்த காலத்துல இப்படி எத்தனையோ நடந்திருக்கு."

"அண்ணே, அவரு சும்மா பேச்சுக்குச் சொன்னாரு," என்றாள் செவந்தி.

"பேச்சைப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலையே தங்கச்சி. பாட்டைப் பத்தித்தான சொன்னாரு."

கடப்பாரை வந்தது. நடு ரூமில் தோண்டினார்கள். இடுப்பளவு போனார்கள், மார்பளவு போனார்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. சோணைமுத்து குழிக்குள் நின்று ஒரு பாட்டை எடுத்துவிட்டான்.

"அண்ணே, இப்ப எப்படிக் கேக்குது?"

"கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரியே இருக்குடா."

"அப்ப அவரு சொன்னது சரிதான்," என்றான் சோணைமுத்து. மூன்று பேருக்கும் ஜெபராஜ் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

குழியை மூட வைத்து, தவமணியையே ஜெபராஜிடம் பேசச் சொன்னாள் செவந்தி. அந்த மனுஷன் பொறுமையாக விளக்கினார். ரூம் காலியாக இருக்கிறது, சுவர் வெறும் சிமெண்டு. குரல் அதில் மோதித் திரும்பி வருகிறது. மெத்தை, போர்வை மாதிரி மெத்தென்று ஏதாவது சுவரில் மாட்டுங்கள். மாட்டிவிட்டுக் கையைத் தட்டிப் பாருங்கள். டங்கென்று கேட்டால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம்.

போனை வைத்துவிட்டுத் தவமணி மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"செவந்தி, உனக்கு அடிபட்டுச்சா?"

"எனக்கு எதுக்குங்க அடிபடணும்?"

"குரல் மோதியிருக்காமே. சிமெண்டுச் சுவத்துல."

"மதினி பாடி முடிச்சதும் தொண்டை வலிக்குதுன்னு சொல்வாங்கள்ல," என்றான் சோணைமுத்து. "போன குரல் அடிபட்டுத் திரும்ப உள்ள போனா வலிக்காம என்ன செய்யும்."

அன்றைக்கே தெருவில் இருந்த இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் இவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. தெரு முழுக்க வெறுந்தரையில் படுத்தது. செவந்தி அடிபடாமல் இருக்கவேண்டும் என்று எல்லோரும் மனசோடுதான் கொடுத்தார்கள். மூன்று பேரும் ரூமுக்குள் நின்று ஆணி அடித்து, ஓர் இடம் விடாமல் சுவர் பூராவும் மெத்தை கட்டினார்கள். கட்டி முடித்துவிட்டு வெளியே வரலாம் என்று பார்த்தால் கதவைக் காணோம்.

"டேய், இங்கன ஒரு வாசல் இருந்துச்சேடா," என்று உள்ளே இருந்து தவமணி குரல் கேட்டது.

"அதுவும் சுவத்துலதான இருந்துச்சுண்ணே. அதுக்கும் சேத்துக் கட்டியாச்சு."

"அப்ப நாம எப்படி உள்ள வந்தோம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேட மூவரும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். செவந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளி, மெத்தையை விலக்கி, ஒவ்வொருவராக வெளியே இழுத்துப் போட்டாள்.

கை தட்டிப் பார்த்தார்கள். முன்னைக்குப் பரவாயில்லை. ஆனால் மேலே தகரக் கூரையிலிருந்து கொஞ்சம் டங் வந்தது. திரும்பவும் ஜெபராஜைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கல்யாண மண்டபத்தில் மைக் கட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் வாய் தவறி ஒன்று சொன்னார்.

"இந்தா, இந்த மண்டபமும் இப்ப டங்குடங்குன்னுதான் கேக்குது. சனம் வந்து நெறஞ்சதும் அடங்கிரும். ஆளுக உடம்பே சத்தத்தைக் குடிச்சிரும்ல."

சனத்தைச் சும்மா கூப்பிட முடியுமா? வெற்றிலை பாக்கு வைத்துத்தானே கூப்பிடவேண்டும். மூவரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தாம்பாளத்தை ஏந்தி வீடு வீடாகப் போனார்கள்.

"என்ன விசேஷம் தவமணி?" என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுல சத்தம் குடிக்க வரணும்," என்று பணிவாகச் சொன்னார். ஓடைக்குளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால் எதற்கென்று ரெண்டாவது தடவை கேட்கிற பழக்கம் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை, ஊரே வந்தது. விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு வரலாமா? ஆளுக்கொரு எவர்சில்வர் குடம், சட்டி, தூக்குவாளி என்று கொண்டுவந்தார்கள். ரூமில் எள் போட இடமில்லை. செவந்தி நடுவில் ஒடுங்கி நின்று பாட வாயைத் திறந்தாள். முதல் அடியிலேயே அத்தனை குடமும் சேர்ந்து ஙொய் என்று பாடின.

"மதினி குரலைக் குடிக்காம எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்கண்ணே," என்றான் சோணைமுத்து.

"வெறும் வயித்துல எப்படிடா குடிப்பாங்க," என்றார் பெரியகருப்பன். "மொதல்ல சாப்பாட்டைப் போடுங்க."

குடத்தை வாங்கிக்கொண்டு சோறு போடாமல் அனுப்பினால் ஊர் என்ன பேசும்? செவந்தி முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோறு வடித்து, சாம்பார் வைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவி நிமிர்ந்தபோது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வியாழக்கிழமை அப்படிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்தது. செவந்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "என்னங்க, இன்னைக்குப் பொழுது சாஞ்சா அவ்வளவுதான். எங்கம்மா காத்துக்கிட்டுக் கெடக்கும்," என்று மெல்லச் சொன்னாள். அவள் அதற்கு மேல் சத்தமாகப் பேசுகிறவள் இல்லை.

தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான், ஏதாவது செய்யணும்."

பெரியகருப்பன் சுவரை உற்றுப் பார்த்தார். தடவிப் பார்த்தார். ஒரு சுற்று நடந்து வந்தார்.

"மாப்ள, குரல் எதுல மோதுது?"

"சுவத்துல."

"சுவரு இல்லேன்னா?"

தவமணி வெகுநேரம் யோசித்தார். "மோதாது," என்றார். பிறகு மச்சானைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெத்தைகளை எல்லாம் கழற்றிக் கொல்லையில் குவித்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்கள். செவந்தி ஓடி வந்தாள்.

"அண்ணே, சுவத்தை இடிச்சுப்புட்டா வெளிச் சத்தமெல்லாம் உள்ள வந்துருமே."

"உள்ளன்னு ஒண்ணு இருந்தாத்தான தங்கச்சி வரும்?"

செவந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நகர்ந்தாள்.

தெருப்பக்கத்துச் சுவர் மத்தியானத்தில் விழுந்தது. எழுந்த புழுதியில் மூன்று பேரும் ஒரே நிறமாகிப்போனார்கள். எது அண்ணன், எது தம்பி, எது மச்சான் என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. "குளிச்சாத் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் மத்த சுவத்தைப் பாப்போம்," என்று கண்மாய்க்குப் போனார்கள்.

வீடு அடங்கியது. செவந்தி பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்தாள். போனை எடுத்தாள். கொல்லையில் மலை மாதிரி கிடந்த மெத்தைக் குவியலுக்குள் ஒரு பொந்து தெரிந்தது. அதில் நுழைந்து, தலைக்கு மேல் ஒரு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே அடுப்படி மாதிரி வெந்தது. அந்த வேர்வையிலேயே, ஒரே மூச்சாகப் பாடி முடித்து அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் ஜெபராஜ் கூப்பிட்டார். குளித்துவிட்டு யார் யாரென்று தெரிந்துகொண்ட மூவரும் கூடி நின்றார்கள்.

"தாயி, இது எந்த ஸ்டுடியோவுல போயி பாடின? அப்படியே என் காதுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு. உன் பாட்டுத்தான் முதப் பாட்டு."

"இல்லைங்க," என்று சோணைமுத்து போனில் குறுக்கே புகுந்தான். "அங்கெல்லாம் யாரும் உக்காரல. மதினி காலையில இருந்து இங்கதான் நிக்கிறாங்க."

தவமணி போனை வாங்கினார். "ஒரே ஒரு சுவருதாங்க இடிச்சோம். அதுக்கே இப்படி. நாலையும் இடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க."

செவந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

பொங்கலுக்கு முந்தின நாளே எல்லோரும் கரட்டுப்பட்டிக்குப் பஸ் ஏறினார்கள். சோணைமுத்து தலையில் ஒரு மெத்தையைச் சுமந்து வந்தான்.

"மெத்தை எதுக்கு கொழுந்தனாரே?"

"பாட்டு வெளியூர் போகுதுல்ல மதினி. வழியில எங்கயாச்சும் மோதிட்டா?"

மறுநாள் காலையில் கரகம் இறங்கியது. குழாயில் செவந்தியின் குரல் எழுந்தது. கோயிலடியில் நின்ற கூட்டம் பேச்சை நிறுத்தியது. கட்டிலில் கிடந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ரெண்டாவது அடியில மூச்சு வாங்குற. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

"சாப்பிடுறேம்மா," என்றாள் செவந்தி. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வெளியே மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். கோயிலுக்குப் பின்னால் பெரிய பாறைக் கரடு. குழாயில் ஓர் அடி போனால், அதே அடியைக் கரடு ஒரு தரம் திருப்பிப் பாடியது.

"மோதுது மாப்ள," என்றார் பெரியகருப்பன்.

"இடிச்சிரலாமா மச்சான்?"

பெரியகருப்பன் கரட்டை மேலும் கீழும் அளந்தார். "இன்னைக்கு முடியாது. நாளைக்குன்னாப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் மதினிக்குத் தொண்டை தாங்குமா?" என்றான் சோணைமுத்து.

மெத்தையைத் தூக்கிக்கொண்டு கரட்டில் ஏறினார்கள். நீளமான பாட்டு அது. பாதிக் கரட்டில் ஒரு பாறையைப் பிடித்து, மெத்தையை அதில் சாய்த்து, துண்டுகளை முடிந்து இறுக்கிக் கட்டினார்கள். கடைசி முடிச்சு விழுந்தபோது கீழே பாட்டு முடிந்தது.

மூவரும் பாறையில் காதை வைத்துக் கேட்டார்கள். சின்னச் சத்தம்கூட இல்லை.

"ஒரே மெத்தைக்கு இவ்வளவு பெரிய கரடு அடங்கிப்போச்சே," என்று சோணைமுத்து வாயைப் பிளந்தான்.

தவமணி சட்டென்று அவன் வாயைப் பொத்தினார். "மெதுவா பேசுடா. இதுக்கு யாரு இதுவரைக்கும் மெத்தை போட்டாங்க? இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

மூவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கரடு முழித்துக்கொள்ளாதபடி, நுனிக்காலில் இறங்கி வந்தார்கள்.