யார் தயவும் இல்லாமல் நின்ற படம்

சாஞ்சான்குளத்து ஆட்களை முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஒரு வேலையைச் சொன்னால், சொன்ன சொல் தரையில் விழாமல் செய்து முடிக்கிற ஆட்கள் அவர்கள். வேலை கெட்டுப்போனால், சொன்னவர் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மந்திரமூர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி எட்டு மாதம். பெண்டாட்டி ஆவுடைத்தங்கம் அதே ஊரில் மூன்றாவது தெருப் பெண். மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கிற கல்யாண போட்டோ ஒன்று வீட்டுக்கு வந்தது. தலை முதல் கால் வரை தெரியும்; தண்ணீர் பட்டாலும் கெடாதபடி லேமினேஷன் வேறு. "சுவத்துல ஒரு ஆணிய அடிச்சு மாட்டும்" என்றாள் தங்கம். அவன் அடித்தான். எப்போது நிறுத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆணி முழுசாகச் சுவருக்குள் போய், அடுத்த வீட்டு நயினார் பக்கம் எட்டிப் பார்த்தது. தன் சுவரில் தானாக முளைத்த ஆணிக்கு நயினார் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதில் காலண்டரை மாட்டிக்கொண்டான்.

அதனால் போட்டோ அடுக்களைப் பலகையில் உப்பு ஜாடி மேல் சாய்ந்து நின்றது. ஒரு நாள் தங்கம் உப்பெடுக்க ஜாடியை நகர்த்தினாள். போட்டோ குப்புற விழுந்தது. விழுந்த இடம், அப்போதுதான் இறக்கி வைத்த அயிலை மீன் குழம்பு. மந்திரமூர்த்தி பாய்ந்து எடுத்தான். எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். படத்தில் பெண்டாட்டி முகத்தில் வழிந்த குழம்பை ஒரு விரலால் வழித்து, நாக்கில் வைத்து, "உப்பு கொஞ்சம் பத்தாது, தங்கம்" என்றான்.

அவள் உப்பு ஜாடியை அவன் கையில் கொடுத்தாள். துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எம் மூஞ்சிக்கு இந்த வீட்டுல அம்புட்டுத்தான் மருவாதி. நான் எங்க அம்மை வீட்டுக்குப் போறேன். இந்தப் படம் எதுலயும் சாயாம, எதுலயும் தொங்காம, எவன் தயவும் இல்லாம, என்னைக்குத் தன்னால நிக்குதோ அன்னைக்கு ஆளனுப்பும். வாரேன்."

பதினோரு நாள் போயிற்று. மந்திரமூர்த்தி தானே பொங்கித் தானே தின்றான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். வீட்டில் அவள் சத்தம் இல்லாததுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. திட்டுவதற்கு ஆளில்லாமல் காலையில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை என்று கூட்டாளிகளிடம் சொல்லி அழுதான்.

கூட்டாளிகள் மூன்று பேர். அடுத்த வீட்டு நயினாரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. இரண்டாவது ஆள் வெயிலுமுத்து. அவனிடம் ஒரு ரம்பம் இருந்தது, அதனால் ஊருக்கு அவன்தான் தச்சன். மூன்றாவது இசக்கிராசா. டவுன் கோர்ட்டுக்கு ஒரு தரம் சாட்சி சொல்லப் போய், வாயே திறக்காமல் திரும்பி வந்தவன். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு அறிவாளி என்று பெயர்.

நால்வரும் டவுனுக்குப் போய் ஒரு பிளைவுட் கடை அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அண்ணாச்சி நல்ல மனுசர். ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார்.

"ஒரு பிளைவுட் துண்டு எடுத்துக்கிடுங்க. நடுவுல சன்னல் மாதிரி வெட்டணும். சன்னல் போட்டோவ விட அரை இஞ்சு சின்னதா இருக்கணும், இல்லன்னா போட்டோ முன்னால வந்து விழுந்துரும். போட்டோவப் பின்பக்கமா ஒட்டுங்க. சட்டத்துக்குக் கீழ ரெண்டு வெட்டு போட்டு, ரெண்டு கால் துண்டக் குறுக்க சொருகுங்க. ஆணி வேண்டாம், சுவரு வேண்டாம், தன்னால நிக்கும். இந்தா, வரைஞ்சிருக்கேன். அப்பிடியே இதே மாதிரி வெட்டணும். ஒரு நூல் கூடக்குறைய இருக்கப்பிடாது."

ஒரு நூல் கூடக்குறைய இல்லாமல் வெட்டினார்கள். அண்ணாச்சி வரைந்த படம் இரண்டு விரல் உயரம். சட்டமும் இரண்டு விரல் உயரத்துக்கு வந்தது. கால்களைச் சொருகி வைத்ததும் சிங்கக்குட்டி மாதிரி நின்றது. நால்வரும் கைதட்டினார்கள். அப்புறம் போட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"சட்டத்துல ஒரு குத்தமும் இல்ல" என்றான் இசக்கிராசா. "போட்டோவத்தான் பெருசா எடுத்துட்டான்."

"மறுபடியும் கல்யாணம் பண்ணிச் சின்னதா ஒண்ணு எடுத்தா என்ன?" என்றான் நயினார்.

"யாரோடல?" என்று பதறினான் மந்திரமூர்த்தி.

"தங்கத்தோடதான்."

"அவ வந்தாத்தானல கல்யாணம் பண்ண முடியும்? படம் நின்னாத்தான அவ வருவா?"

இதை அரை நாள் யோசித்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. கடைசியில் அந்தச் சட்டத்தில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டி நயினாரிடம் கொடுத்துவிட்டு, பெரிய பலகையாக வாங்கி வந்தார்கள்.

இந்தத் தடவை வெயிலுமுத்து போட்டோவையே பலகை மேல் வைத்துக் கோடு போட்டு ஜன்னலை வெட்டினான். வைத்துப் பார்த்தால், ஜன்னல் போட்டோவை விட ஒரு பொட்டுப் பெரிதாக இருந்தது.

"அண்ணாச்சி என்ன சொன்னாவ? அரை இஞ்சு சின்னதாக்கணும்" என்றான் இசக்கிராசா. "அப்போ இன்னும் அரை இஞ்சு வெட்டு."

வெட்டினான். அளந்தார்கள். ஜன்னல் இன்னும் பெரிதாகியிருந்தது.

"நீ பயந்து பயந்து வெட்டுத. நல்லா தாராளமா வெட்டுல."

தாராளமாக வெட்டினான். நாலு பக்கமும் நாலு தரம் வெட்டியாயிற்று. வெயிலுமுத்துவுக்கு வேர்த்து ஊற்றியது. "இது என்ன சென்மத்துப் பலகையோ தெரியல மக்கா, எம்புட்டு வெட்டுனாலும் சின்னதாவே ஆவ மாட்டேங்கு" என்று உட்கார்ந்துவிட்டான். சட்டம் வளையல் கனத்துக்கு வந்திருந்தது. அந்த வழியாக வந்த வெயிலுமுத்துவின் ஆடு ஜன்னலுக்குள் தலையை விட்டு, சட்டத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றது.

இசக்கிராசா ஆட்டையே உற்றுப் பார்த்தான். "ஏல, ஆடு எதுலயும் சாயல. எதுலயும் தொங்கல. தன்னாலதான நிக்குது? போட்டோவ இது வவுத்துல ஒட்டிட்டா?"

எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது. ஒட்டினார்கள். ஆடு இரண்டு நிமிடம் நின்றது. பிறகு மேயப் போய்விட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் வயிற்றில் ஊரைச் சுற்றினார்கள். போட்டோவைப் பிடித்துவர நால்வரும் குளத்தங்கரை வரை ஓட வேண்டியிருந்தது.

மூன்றாவது பலகையில் கால் துண்டுகளையும் ஜன்னலையும் வெட்டியதுமே ரம்பம் ஒடிந்தது. அதற்கு மேல் வெட்ட வழியில்லாததால் ஜன்னல் சரியான அளவில் தப்பித்தது. போட்டோவைப் பின்னால் வைத்து ஒட்டினால் கச்சிதமாக உட்காரும் போலிருந்தது. கால் துண்டுகளைச் சொருகப் போகும்போது நயினாருக்கு ஒரு சந்தேகம்.

"போட்டோவுல மாப்பிள்ளைக்கு ரெண்டு காலு, பொண்ணுக்கு ரெண்டு காலு. நாலு காலு இருக்கு. மாட்டுக்கும் கட்டிலுக்கும் நாலுதான். பொறவு எதுக்கு இன்னும் ரெண்டு?"

"அதானே" என்றான் வெயிலுமுத்து. "நாலும் ரெண்டும் ஆறு. ஆறு காலுன்னா அது பூச்சில்லா!"

பெண்டாட்டியைப் பூச்சியாக்கிவிட்டால் அவள் வரவே மாட்டாள் என்று மந்திரமூர்த்தி கலங்கினான். இசக்கிராசாதான் கைகொடுத்தான். போட்டோவை முழங்காலோடு பின்னால் மடித்துவிட்டால் நாலு காலும் கணக்கில் வராது என்றான். அப்படியே மடித்து ஒட்டி, மரக்கால் இரண்டையும் சொருகி, மேசை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்கள்.

நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மந்திரமூர்த்தி வெயிலுமுத்துவைத் தூக்கிக்கொண்டு குதித்தான். வெயிலுமுத்து ஒடிந்த ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தான். "ஓடு நயினாரு, தங்கத்தக் கூட்டிட்டு வா!" என்று மந்திரமூர்த்தி கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

நயினார் வாசல் வரை ஓடி, நின்று, திரும்பிப் பார்த்தான்.

"ஏல, அது மேச மேலல்லா நிக்குது?"

"அதுக்கென்ன?"

"மேச தாங்குதுல்லா. எவன் தயவும் இல்லாமன்னுல்ல அவ சொன்னா? மேசைய எடுத்துட்டா நிக்குமா?"

நால்வரும் மேசையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இத்தனை நாள் கூட இருந்துகொண்டே இப்படிச் செய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. படத்தை எடுத்துத் தரையில் வைத்தார்கள். தரையிலும் நின்றது.

"இப்போ?" என்றான் மந்திரமூர்த்தி, பயந்துகொண்டே.

இசக்கிராசா குனிந்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான். எழுந்து தூசியைத் தட்டினான். "தரை தாங்குதுல" என்றான்.

"அப்போ தரையையும் எடுத்துர வேண்டியதுதான்" என்றான் வெயிலுமுத்து.

வீட்டுக்குள் சிமெண்டுத் தரை. அதனால் படத்தைப் புறவாசலுக்குக் கொண்டுபோய் மண்ணில் வைத்தார்கள். மம்பட்டி எடுத்து அதன் அடியிலிருந்த மண்ணைத் தோண்டினார்கள். தோண்டியதும் படம் குழிக்குள் சரிந்தது.

"பாத்தியா? இம்புட்டு நேரமும் தரை தயவுலதான் நின்னுருக்கு. நம்மள ஏமாத்திட்டு!"

குழிக்குள் இறங்கி மறுபடி நிமிர்த்தி வைத்தார்கள். நின்றது. பார்த்தால் குழிக்குள்ளும் தரை இருந்தது. அதையும் தோண்டினார்கள். அதற்குக் கீழேயும் தரை இருந்தது. விட்டேனா பார் என்று தரை அவர்களோடு கூடவே இறங்கி வந்தது. இடுப்பளவு போயிற்று, கழுத்தளவு போயிற்று.

மந்திரமூர்த்தி புறவாசலில் ஆளுயரக் குழி வெட்டுகிறான் என்ற பேச்சு மூன்றாவது தெருவுக்குப் போனது. தனக்கே வெட்டிக்கொள்கிறான் என்று தங்கம் நினைத்துவிட்டாள். அரைத்துக்கொண்டிருந்த மாவுக் கையோடு, தலை அவிழ்ந்தது தெரியாமல் ஓடி வந்தாள். "பாவி மனுசா, ஒரு வார்த்தைக்குப் போயி இப்பிடியா பண்ணுவீரு!" என்று அழுதுகொண்டே குழியை எட்டிப் பார்த்தாள்.

உள்ளே புருசன் மண்ணும் வேர்வையுமாக நின்றான். அவன் கையில் படம். நடந்தது அத்தனையும் சொன்னான். மேசை செய்ததைச் சொன்னான், தரை செய்ததைச் சொன்னான். "இன்னும் கொஞ்சந்தான் தங்கம். தரை எங்கயாவது ஒரு எடத்துல முடிஞ்சுதான ஆவணும்" என்றான்.

தங்கம் கண்ணைத் துடைத்தாள். குழியைப் பார்த்தாள். நாலு ஆம்பிளைகளையும் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வரப்போவதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

"நாலு பேரு சேந்து இம்புட்டுத்தான் தோண்டுனீயளா?" என்றாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். "கடப்பாரைய எடு நயினாரண்ணே."

அவளும் சாஞ்சான்குளத்துப் பெண்தானே!

அவள் போட்ட மூன்றாவது குத்தில் மண் ஈரமானது. ஐந்தாவது குத்தில் தண்ணீர் பொங்கியது. அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். கையிலிருந்த படத்தை மந்திரமூர்த்தி குழியிலேயே விட்டுவிட்டான். எட்டிப் பார்த்தால், அது தண்ணீரின் நடுவில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. மேசை இல்லை, தரை இல்லை, சுவர் இல்லை.

"தங்கம்!" என்றான் மந்திரமூர்த்தி.

நயினார் வாயைத் திறந்தான். "தண்ணி தாங்குதே..."

"தண்ணிய யாரு வரச் சொன்னா?" என்று தங்கம் ஒரே அதட்டில் அடக்கினாள். "அதுவா வந்துச்சு. நாம கேட்டு வாங்குனாத்தான அதுக்குப் பேரு தயவு?"

இசக்கிராசாவே தலையாட்டிவிட்டான். ஆனால் அவனுக்கும் ஒரு உறுத்தல் இருந்தது. "எல்லாஞ் சரி மதினி. நிக்கணும்னுல்ல சொன்னிய? இது படுத்துல்லா கெடக்கு."

மந்திரமூர்த்திக்கு உயிரே போய்விட்டது. தங்கம் இடுப்பில் கைவைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

"நாம நின்னுக்கிட்டுப் பாக்கோம். அதான் அது படுத்த மாதிரி தெரியுது" என்றாள். குழி ஓரமாகக் குப்புறப் படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "வாரும், வந்து பாரும்!"

மந்திரமூர்த்தி அவள் பக்கத்தில் படுத்தான். மற்ற மூவரும் படுத்தார்கள். முகத்துக்கு நேராக, மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளையும் பெண்ணும் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். தங்கம் மாவுக் கையால் புருசன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் பால் ஊற்ற வந்த வெளியூர்க்காரர் புறவாசலுக்கு வந்தார். குழியைச் சுற்றி ஐந்து பேர் குப்புறக் கிடப்பதைப் பார்த்துப் பால் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஐயையோ, யாரு உள்ள விழுந்தது?" என்று அலறினார்.

மந்திரமூர்த்தி தலையைத் தூக்காமலே, உதட்டில் விரலை வைத்தான்.

"உஸ்ஸ்... சத்தம் போடாதீய அண்ணாச்சி. படம் நிக்குது."