சுனைக்கு ஒரே விளக்கு

வலைத்தளமும் சர்வரும் இல்லாத வெகு காலத்துக்கு முன்னே, கரும்பாறை நாட்டைக் குன்றத்தேவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஒரே நொடியில் இரண்டு பேரை உள்ளே விட்டு ஊரையே முடக்கிப்போடுகிற வித்தை அப்போதே இருந்தது. கேளுங்கள்.

எதிரி கோட்டையைச் சூழ்ந்திருந்தான். கோட்டைக்குள் இருந்த ஒரே தண்ணீர், பாறைக் குடைவுக்குள் ஒரு சுனை. குடைவுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். உள்ளே ஒருவர்தான் போகலாம், திரும்ப இடமில்லை. இந்த வாசலில் நுழைந்தவர் அந்த வாசலில் வெளியேற வேண்டும். குடைவு வளைவானது, ஒரு வாசலின் குரல் மறு வாசலுக்கு எட்டாது. அதனால் காவலர்கள் "உள்ளே யாரப்பா?" என்று குரல் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் ஒருவரை அனுப்புவார்கள்.

முற்றுகை தொடங்கியதிலிருந்து தினமும் இருவர் உள்ளே முட்டிக்கொண்டு மாட்டினார்கள். கயிறு போட்டு இழுத்தெடுப்பதற்குள் பொழுது போய்விடும். வெளியே வெறுங்குடங்களோடு ஊரே நிற்கும். குழந்தைகள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டன. அதுதான் எல்லோரையும் நடுங்க வைத்தது.

"அந்தக் கிழக்கு வாசல் காவலன் மாசாணத்தின் தலையை வாங்குங்கள்!" என்றான் ராஜா.

"சாமி, கேட்டுட்டுத்தான் விட்டேன். உள்ளே சத்தமே இல்லை சாமி!" மாசாணம் காலில் விழுந்தான்.

தளவாய் உக்கிரப்பனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மந்திரியார் கொடுக்கிற இடம், மகாராஜா! நான் வாசலில் நின்றால் ஈ நுழையுமா?"

மந்திரி செண்டலங்காரர் வறண்ட உதட்டோடு சிரித்தார். "நில்லுங்களேன். தளவாய் கிழக்கே, மகாராஜா மேற்கே. மதிய முரசு கேட்டதும் குரல் கொடுத்துவிட்டு இறங்குங்கள். சிக்காமல் வந்தால் மாசாணத்தின் தலையோடு என் தலையையும் எடுத்துக்கொள்ளலாம்."

முரசு முழங்கியது. ராஜா குரல் கொடுத்தான். சத்தமில்லை. இறங்கினான். கும்மிருட்டு. பாறை இரு தோளையும் பிடித்தது. எதிரே ஏதோ மூச்சு விட்டது.

"யா... யாரது?"

"நான்தான்... தளவாய்."

"பின்னால் போய்யா!"

"நகர முடியவில்லை, மகாராஜா."

ராஜாவாலும் முடியவில்லை. இங்கேயே செத்துப்போவோமோ என்று அவனுக்கு வியர்த்தது.

முழங்கை தோலுரிய வெளியே இழுத்துப் போட்டபோது, "யார் மேல் தப்பு?" என்று ராஜா இரைந்தான்.

"காவலர் யார் மேலும் இல்லை. கேட்பதற்கும் கால் வைப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. ஊருக்குள் புகுந்த எதிரியின் ஆட்கள் முரசைக் குறித்துக்கொண்டு, அந்த மூச்சுக்குள் இரண்டு வாசலிலும் நுழைகிறார்கள்," என்றார் மந்திரி.

"காவலரைக் கூட்டினால்?" என்று தளவாய் முனகினார்.

"கூட்டமாகக் கேட்பார்கள், கூட்டமாகச் சிக்குவார்கள், தளவாயே! குடைவுக்கு இனி ஒரே விளக்கு. அது கையில் இல்லாதவர் கால் வைக்கக் கூடாது. ஒருவர் அதோடு வெளியே வந்தால்தான் அடுத்தவர் வாங்கிக்கொண்டு போகலாம்."

"எதிரியின் ஆள் விளக்கோடு உள்ளேயே உட்கார்ந்துவிட்டால்?" என்றான் ராஜா.

"இடுப்பில் கயிறு கட்டி அனுப்புவோம். குடம் நிரம்பும் நேரத்தைத் தாண்டினால் வெளியே இழுத்துவிடுவோம்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். தளவாயின் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்பினான். விளக்கு முறை தொடங்கியதும், தொண்டை காய்ந்து தானே கிழக்கு வாசலுக்கு நடந்தான்.

"வழி விடு, மாசாணம்."

மாசாணம் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "விளக்கு உள்ளே இருக்கு சாமி."

ராஜா இருட்டைப் பார்த்தான், தோலுரிந்த முழங்கையைப் பார்த்தான். பிள்ளையோடு நின்ற ஒருத்திக்குப் பின்னால் போய் நின்றான்.

குடைவின் வளைவில் மஞ்சளாய் வெளிச்சம் அசைந்தது. நிறைகுடத்துத் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டு, அந்தப் பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது. யாரும் அதட்டவில்லை.